பெயரறிந்த பின்பே மருந்து

நான்கு வருஷங்களுக்கு முன்பு நாம் ஒரு பிழை செய்தோம். இந்தப் பகுதியை வாரந்தோறும் படித்து வரும் அன்பர்களிடம் அதை இதுவரையில் சொன்னதில்லை. வாத்தியார் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்குத் தம் பிழையை ஒப்புக்கொள்வது சற்றுக் கஷ்டமான காரியம். ஆனால் சென்ற வாரம் ஒரு மாணவன் நம் மேஜையின் மேல் ஒரு நெல் இலையைக் கொண்டுவந்து வைத்தான். அதைக் கண்டதும் பழைய கதை முழுவதும் நினைவுக்கு வந்துவிட்டது. சொல்லிவிடுவதே நல்லது என்று தோன்றுகிறது.

நம் பள்ளிக்கூடம் காவேரிப் பாசனத்தில் உள்ள ஒரு சிறிய ஊரில் இருக்கிறது. அந்த வருஷம் மார்கழி மாதத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சம்பா நெல்லின் இலை ஒன்றைப் புத்தகத்துக்குள் வைத்து எடுத்து வந்தான். இலை நெடுகப் பழுப்பு நிறத்தில் சிறு சிறு புள்ளிகள். “சார், இது என்ன நோய் என்று அப்பா கேட்டு வரச் சொன்னார்” என்றான். நாமோ கல்லூரியில் தாவர சாஸ்திரம் படித்துப் பட்டம் பெற்றவர். ஊரில் ஒருவர் நம்மை நம்பிக் கேட்டனுப்பினால் சந்தோஷம் உண்டாகாமல் இருக்குமா? இலையை வாங்கி அரை நிமிஷம் பார்த்தோம். “இது செம்புள்ளி நோய். மண்ணில் சத்துக் குறைவு. உரம் போட்டால் சரியாகிவிடும்” என்று தீர்ப்புக் கூறினோம். பையனின் தகப்பனார் மறுநாளே ஒரு மூட்டை யூரியா வாங்கி வந்து மேலுரமாக இட்டார்.

அது செம்புள்ளி அல்ல, குலை நோய். தை மாதத்தில் அந்த வயலின் கதிர்கள் கழுத்து ஒடிந்து தொங்கின. கையால் உருவினால் பதர்தான் உதிர்ந்தது. அந்தக் குடியானவர் பிறகு நம்மைக் கடைத்தெருவில் சந்தித்தபோது ஒரு வார்த்தை கூடக் கடிந்து பேசவில்லை. “எல்லாம் விதி, ஐயா” என்றார். விதி அல்ல என்பது நமக்குத் தெரியும்.

செம்புள்ளி, குலை நோய் ஆகிய இரண்டும் பூசணத்தால் வருபவை. வீட்டில் பழைய ஊறுகாயின் மேல் பூக்கிறதே, அந்தப் பூசணத்தின் உறவினர்களே இவை. ஆயினும் இரண்டின் குணமும் நேர்மாறானவை. செம்புள்ளி ஏழை நிலத்தின் நோய். மண்ணில் சாம்பல் சத்தும் மற்றச் சத்துக்களும் குறைந்து பயிர் பட்டினி கிடக்கும் இடத்தில் அது செழிக்கும். குலை நோயோ பணக்கார நிலத்தின் நோய். தழைச்சத்து அதிகமாகப் பெற்று, கருகருவென்று தழைத்து நிற்கும் பயிரே அதற்கு விருந்து. செம்புள்ளி என்று எண்ணி யூரியாவை வாரி இறைத்தால் குலை நோய்க்கு நாமே இலை போட்டுப் பரிமாறியவர்களாகிறோம். பெயரை மாற்றிச் சொன்னால் மருந்தே விஷமாகிவிடுகிறது.

இரண்டுமே அற்ப நோய்கள் அல்ல. 1919-ம் வருஷம் தஞ்சை டெல்டாவில் குலை நோய் பெருஞ்சேதம் விளைத்தது. 1942-ம் வருஷம் வங்காளத்தின் நெற்பயிரைச் செம்புள்ளி தாக்கியது. மறு வருஷம் அங்கே லட்சக்கணக்கான ஜனங்கள் பசியால் மாண்டனர். அந்தப் பஞ்சத்தின் பழியைப் பூசணத்தின் மேல் மாத்திரம் சுமத்திவிட நாம் இசைய மாட்டோம். யுத்தகால விலையேற்றமும் அன்றைய ஆங்கிலேய சர்க்காரின் அலட்சியமும் செய்த கொடுமை பெரிது. ஆனால் ஏற்கெனவே நலிந்திருந்த ஒரு நாட்டில் பயிர் நோயும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இவ்விரு நோய்களையும் கண்ணால் பிரித்தறிய முடியாதா? முடியும், பொறுமை வேண்டும். செம்புள்ளியின் புள்ளி எள்ளைப் போல் நீள்வட்டமானது; பெரும்பாலும் சுற்றிலும் மஞ்சள் வளையம் இருக்கும். ஜப்பானியர் அதை எள்ளின் பெயரைச் சேர்த்தே அழைக்கிறார்கள். முற்றிய குலை நோயின் புள்ளி மனிதக் கண்ணைப் போன்றது. இரு முனையும் கூராய், நடுவில் அகன்று, மத்தியில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் கொண்டிருக்கும். ஆனால் குலை நோயின் இளம் புள்ளி வெறும் பழுப்புப் பொட்டு மாத்திரமே. அந்தப் பருவத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப் போல் இருக்கும். நாம் ஏமாந்தது இங்கேதான். ஓர் இலையைப் பார்த்தோம், வயலைப் பார்க்கவில்லை.

கண் தடுமாறும் இடத்தில் மைக்ராஸ்கோப் உதவுகிறது. பூசணங்கள் தூளினும் நுண்ணிய வித்துக்களால் பரவுகின்றன. குலை நோயின் வித்து நிறமற்று, பேரிக்காய் வடிவில், மூன்று அறைகளுடன் இருக்கும். செம்புள்ளியின் வித்து பழுப்பு நிறமாய், நீண்டு, சற்றே வளைந்து, பல அறைகளுடன் இருக்கும். ஒரு முறை பார்த்தவர் பிறகு மறக்க மாட்டார். இப்படி உருவத்தைக் கொண்டு பெயரிடும் முறையே நூறு வருஷத்துக்கு மேலாகப் பயிர் வைத்தியத்தின் அஸ்திவாரமாக இருந்து வந்தது. 1905-ம் வருஷம் பீகாரில் உள்ள பூஸாவில் பட்லர் என்ற நிபுணர், நோய் கண்ட இலைகளையும் தண்டுகளையும் உலர்த்தி, பெயர், இடம், தேதி எழுதிச் சேர்த்து வைக்கத் தொடங்கினார். அந்தச் சேமிப்பு இப்போது தில்லியில் இருக்கிறது.

உருவமே போதுமென்றால் கட்டுரையை இங்கே முடித்துவிடலாம். ஆனால் உருவம் ஒன்றாயிருக்க, உள்ளே ஆள் வேறாயிருப்பதும் உண்டு. அதற்கு உதாரணம் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. அடுத்த வீடாகிய வங்காள தேசத்தில் நடந்ததைச் சொல்கிறோம்.

2016-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அந்நாட்டின் கோதுமை வயல்களில் பச்சை மாறுவதற்கு முன்பே கதிர்கள் வெளுத்து நின்றன. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் பயிர் முன்னதாக விளைந்துவிட்டதென்று எண்ணினார்கள். அருகில் போய்ப் பார்த்தால் கதிருக்குள் தானியம் சூம்பிக் கிடந்தது. 8 ஜில்லாக்களில் சுமார் 15,000 ஹெக்டேர் நிலம் பாதிக்கப்பட்டது. சில வயல்களில் ஒரு மணி கூடத் தேறவில்லை. நோய் பரவாமலிருக்க வயல்களுக்குத் தீ வைத்தார்கள். தாமே விதைத்த பயிரைத் தாமே கொளுத்துவதென்றால் அந்த மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை விவசாயக் குடும்பத்தினரே அறிவார்கள்.

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது, அதே பேரிக்காய் வடிவம். அதே மூன்று அறைகள். நெல்லில் குலை நோய் உண்டாக்கும் பூசணத்தின் இனமேதான். இங்கே ஒரு பெரிய கேள்வி எழுந்தது. வங்காள தேசம் முழுவதும் நெல் விளையும் நாடு. நெல்லில் காலங்காலமாக இருந்துவந்த உள்ளூர்ப் பூசணம் இப்போது கோதுமைக்குத் தாவிவிட்டதா? அல்லது வெளியிலிருந்து வேறொரு வகை வந்து சேர்ந்ததா? பிரேஜில் தேசத்தில் 1985-ம் வருஷமே கோதுமையில் இந்நோய் கண்டிருந்தது. ஆனால் ஆசியாவில் அதற்கு முன் எங்கும் கண்டதில்லை.

இது வெறும் பண்டித விவாதம் அல்ல. உள்ளூர்ப் பூசணம் தாவியிருந்தால் ஒவ்வொரு நெல்வயலும் கோதுமைக்குச் சத்துருவின் கோட்டை. துறைமுகத்தில் காவல் வைத்துப் பயனில்லை. வெளியிலிருந்து வந்ததென்றால் வந்த வழியை அடைக்க வேண்டும். தென் அமெரிக்காவில் அந்நோயைத் தாங்கி நிற்கும் கோதுமை வகைகளை உடனே தேடிக் கொண்டுவர வேண்டும். எந்த வழியில் போவது என்பதை அந்தப் பேரிக்காய் வித்து சொல்லவில்லை. எத்தனை மடங்கு பெருக்கிப் பார்த்தாலும் அதனால் சொல்ல முடியாது.

சொல்லக்கூடியது டி.என்.ஏ. ஒன்றே. உயிருள்ள ஒவ்வொன்றின் அணுவிலும் நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட ஒரு நீண்ட சுவடி இருக்கிறது. குலை நோய்ப் பூசணத்தின் சுவடியில் சுமார் 4 கோடி எழுத்துக்கள். தலைமுறைதோறும் இந்தச் சுவடி பிரதி செய்யப்படுகிறது. பிரதி செய்யும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்துப் பிழைகள் நேர்கின்றன. தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் ஊர் ஊராய்ச் சென்று ஏடுகளைத் தேடி, பாடபேதங்களை ஒப்பிட்டுப் பதிப்பித்ததை யாவரும் அறிவர். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழைகள் தொடர்ந்து வருமானால் இரண்டும் ஒரே மூல ஏட்டிலிருந்து பிறந்தவை என்று ஊகிக்கிறோம் அல்லவா? விஞ்ஞானிகள் பூசணத்தின் சுவடியிலும் அதைத்தான் செய்கிறார்கள்.

இலையில் கிடைக்கும் டி.என்.ஏ. மிகச் சொற்பமாயிற்றே, அதை எப்படிப் படிப்பது என்று கேட்கலாம். 1983-ம் வருஷம் காரி முல்லிஸ் என்ற அமெரிக்கர் அதற்கு ஒரு வழி கண்டார். வேண்டிய பகுதியை மாத்திரம் சோதனைக் குழாயில் இரட்டித்து, மறுபடியும் இரட்டித்துக்கொண்டே போவது. சதுரங்கக் கட்டத்தில் அரிசி வைத்த கதைதான். முப்பது முறை இரட்டித்தால் ஒன்று நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும். பூசணங்களின் இனத்தைத் தெரிந்துகொள்வதற்கு அவற்றின் சுவடியில் ஒரு குறிப்பிட்ட பகுதியை அடையாள முத்திரையாக வைத்துக்கொள்ளலாம் என்று 2012-ம் வருஷம் உலக நிபுணர்கள் பலர் சேர்ந்து முடிவு செய்தார்கள். ஆயினும் ஒரே இனத்துக்குள் நெல்லைத் தாக்குவது எது, கோதுமையைத் தாக்குவது எது என்று பிரிக்க அந்த ஒரு முத்திரை போதாது. சுவடியின் பெரும்பகுதியையும் படித்தாக வேண்டும்.

வங்காள தேசத்தில் அதைத்தான் செய்தார்கள். காஜிபூரில் வேளாண்மைப் பேராசிரியராக இருந்த தோஃபஸ்ஸல் இஸ்லாம், நோய் கண்ட இலைகளை வயலிலிருந்தே எடுத்துப் பதப்படுத்தி இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே நாரிச் நகரத்தில் ஸோஃபியன் கமூன் முதலிய விஞ்ஞானிகள், டி.என்.ஏ.யிலிருந்து அணு எடுத்துக்கொள்ளும் நகலாகிய ஆர்.என்.ஏ.யை அந்த இலைகளிலிருந்து நேராகப் படித்தார்கள். இன்னொரு காரியமும் செய்தார்கள். தாங்கள் படித்ததைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், ஆராய்ச்சி முடிவு பிரசுரமாவதற்கு முன்பே, உலகத்தார் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டார்கள். பல தேசத்து நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்த்தனர். உள்ளூர் நெற்பூசணத்தோடு பாடபேதங்கள் ஒத்துவரவில்லை. தென் அமெரிக்காவின் கோதுமைப் பூசணத்தோடு ஒத்திருந்தன. வந்தவன் அந்நியன் என்பது சில மாதங்களுக்குள் தெளிவாயிற்று.

பெயர் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. மறு வருஷமே, 2017-ல், இந்நோயைத் தாங்கக்கூடிய ‘பாரி கோம் 33’ என்ற கோதுமை வகை வங்காள தேசத்தில் வெளியிடப்பட்டது. நம் நாட்டிலும் அதே வருஷம் மேற்கு வங்காளத்தில் முர்ஷிதாபாத், நாதியா ஜில்லாக்களிலும் எல்லையை ஒட்டிய நிலங்களிலும் கோதுமை விதைப்பதை நிறுத்தி வைத்தார்கள். 2018-ல் ஆப்பிரிக்காவில் ஜாம்பியா தேசத்திலும் நோய் தலைகாட்டியது. அங்கேயும் வங்காள தேசத்திலும் கண்டது ஒரே வம்சத்தைச் சேர்ந்த பூசணமென்றும், ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகாமல் தனித்தனியே வந்து சேர்ந்ததென்றும் 2023-ல் பிரசுரமான ஆராய்ச்சி கூறுகிறது. அதுவும் பாடபேதங்களைக் கொண்டே.

பூசணத்துக்கு மாத்திரம் அல்ல, புழுவுக்கும் இது பொருந்தும். நமது நீலகிரியையே எடுத்துக்கொள்வோம். 1961-ம் வருஷம் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய நிபுணர், உதகமண்டலத்தில் உருளைக்கிழங்கின் வேரில் கடுகினும் சிறிய உருண்டைகளைக் கண்டார். ஒவ்வோர் உருண்டையும் ஒரு நூற்புழுவின் செத்த உடல். உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள். அவை மண்ணில் பல வருஷம் உயிரோடு காத்திருக்கும். நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குப் போகலாகாது என்று 1971-ல் தடை விதித்ததற்கு இந்தப் புழுவே காரணம்.

இதிலும் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்றின் பெண்புழு முற்றும்போது பொன்னிறம் பெறும். மற்றதன் பெண்புழு பால் வெண்மையாகவே இருந்து பிறகு பழுக்கும். செத்த பின் இரண்டும் ஒரே பழுப்பு. ஆகவே 1973 வரையில் இரண்டையும் ஓர் இனமென்றே கருதி வந்தார்கள். இங்கிலாந்தில் 1966-ல் வெளிவந்த ‘மேரிஸ் பைப்பர்’ என்ற உருளைக்கிழங்கு பொன்னிறப் புழுவைத் தடுக்கும். வெண்ணிறப் புழுவை அது ஒன்றும் செய்யாது. அந்தக் கிழங்கையே திரும்பத் திரும்பப் பயிரிட்டதில் பொன்னிறப் புழு ஒடுங்கியது. காலியான இடத்தில் வெண்ணிறப் புழு குடியேறிப் பெருகியது. இன்று பழுப்பேறிய ஓர் உருண்டையைச் சோதனைச்சாலையில் கொடுத்தால், அதன் பின்பாகத்து வரிகளை மைக்ராஸ்கோப்பில் எண்ணியும் டி.என்.ஏ.யைப் படித்தும் இன்னதென்று சொல்லிவிடுகிறார்கள்.

அப்படியானால் கண்ணையும் மைக்ராஸ்கோப்பையும் பரணில் போட்டுவிடலாமா? கூடாது என்பதே நம் கட்சி. டி.என்.ஏ. ஓர் உயிர் அங்கே இருந்தது என்று மாத்திரம் சொல்லும். அது உயிரோடு இருந்ததா, செத்துக் கிடந்ததா, நோய் உண்டாக்கியதா, நோயால் செத்த இலையின் மேல் பிற்பாடு வந்து உட்கார்ந்த வழிப்போக்கனா என்பதை அது மாத்திரம் சொல்லிவிடாது. பூசணத்தைப் பிரித்தெடுத்து, நல்ல பயிரின் மேல் தூவி, அதே நோய் வருகிறதா என்று பார்த்து, அதிலிருந்து அதே பூசணத்தை மறுபடியும் எடுத்துக் காட்டினால்தான் குற்றம் ருசுவாகும். மேலும், படித்த எழுத்துக்களை எதனோடு ஒப்பிடுவது? முன்பு யாரோ ஒருவர் உருவத்தைக் கண்டு சரியாகப் பெயரிட்டு வைத்த மாதிரியோடுதான். அவர் அன்று பெயரைத் தவறாக எழுதியிருந்தால் இன்றைய யந்திரமும் அந்தத் தவற்றையே திருப்பிச் சொல்லும்.

சரியாக எழுதி வைத்தால் எவ்வளவு பயன் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1845-ம் வருஷம் முதல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பத்து லட்சம் ஜனங்கள் மாண்டனர். அக்காலத்து நோய் இலைகளைச் சிலர் உலர்த்திக் காகிதத்தில் ஒட்டி, இடமும் தேதியும் எழுதி வைத்தார்கள். டி.என்.ஏ. என்ற சொல்லையே அவர்கள் அறியார்கள். 2013-ம் வருஷம் அத்தகைய இலைகளிலிருந்து விஞ்ஞானிகள் நோய்க்கிருமியின் சுவடியைப் படித்து, பஞ்சத்துக்குக் காரணமான வம்சம் எது என்று கண்டுபிடித்தார்கள். அதுவரையில் வேறொரு வம்சத்தின் மேல் இருந்த சந்தேகம் நீங்கியது. ஒரு காய்ந்த இலை ஒன்றரை நூற்றாண்டு காத்திருந்து சாட்சி சொல்லியிருக்கிறது.

இனி, சென்ற வாரம் வந்த இலைக்கு வருவோம். “செம்புள்ளியா, குலை நோயா, சார்?” என்று மாணவன் கேட்டான். “இப்போது தெரியாது, பார்ப்போம்” என்றோம். இந்தப் பதிலைச் சொல்ல நமக்கு நான்கு வருஷங்கள் ஆயின. மறுநாள் காலை அவனோடும் நாலைந்து பிள்ளைகளோடும் வயலுக்கே போனோம். வரப்போரத்தில் ஒன்று, நடுவயலில் ஒன்று, இளம் இலை, முதிர்ந்த இலை என்று பத்து இடங்களில் பார்த்தோம். முதிர்ந்த இலைகளில் சாம்பல் நிறக் கண்கள் நம்மைப் பார்த்தன. இலைத் துண்டுகளை ஈர ஒற்றுத்தாளில் வைத்து ஒரு டிபன் பெட்டிக்குள் மூடி வைத்தோம். மறுநாள் பள்ளி மைக்ராஸ்கோப்பில் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகப் பேரிக்காய்களைப் பார்த்துக் கூவினார்கள். இன்னும் சில இலைகளைப் பழைய செய்தித்தாளுக்குள் வைத்து உலர்த்தி, நெல் வகை, ஊர், தேதி, பயிரின் வயது எல்லாம் எழுதி, வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறோம். நம்மைப் பிழை திருத்த ஒருவர் இருக்கட்டும் என்பதே கருத்து. இந்த வயலுக்கு டி.என்.ஏ. தேவைப்படவில்லை. என்றாவது இதுவரை கண்டிராத புள்ளி ஒன்று தோன்றினால் அப்போது தேவைப்படும். அன்றைக்கும் அதை முதலில் கண்டு எடுத்து வர வேண்டியவன் இந்தப் பையனே.

அவனுடைய தகப்பனார் வாங்கி வைத்திருந்த யூரியா மூட்டை இன்னும் திண்ணையில் பிரிக்கப்படாமல் இருக்கிறது. நிலையத்தார் என்ன சொல்கிறார்களோ அதன்படி செய்வதாகச் சொல்லியிருக்கிறார். தை பிறந்தால் கதிர் சொல்லும். இலையின் பிரதியொன்றை அட்டையில் ஒட்டிப் பள்ளி அலமாரியில் வைத்திருக்கிறோம். அதன் கீழே மாணவனின் பெயரை எழுதினோம். நம் பெயரை எழுதவில்லை. பக்கத்தில் நான்கு வருஷத்துக்கு முந்திய இலை இருந்திருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அன்று அதைப் பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டோம்.